பயனீட்டாளர் கேள்வி-பதில்: கொசுவுக்குக் கொட்டும் காசு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொசுவைப் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 39 வெள்ளிக்கு ஒரு கருவி வாங்கினேன் ஐயா. பிளக்கில் சொருகினால், நம் காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுமாம். அதை நம்பி, மகள் பகலில் தூங்கும் இடத்தில் கட்டிய வலையைக் கழற்றிவிட்டேன். இப்போது அவளுக்கு டிங்கி (டெங்கு) காய்ச்சல். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பட்டும், அம்மா. உங்கள் மேல் தவறில்லை. இந்தக் கருவிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓடினாலும் நிறுத்தினாலும் கொசு ஒரே மாதிரிதான் வந்து உட்காருகிறது. நான் வாங்கிய கருவியில், எரிகிற விளக்குக்குப் பக்கத்திலேயே கொசு உட்கார்ந்திருந்தது. பொய் சொல்லி விற்பதை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் விற்றவர் யார் என்று காட்ட வேண்டும். அடுத்த சந்தையில் அந்தக் கடையைப் படம் எடுங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கொசு விரட்டும் கைவளையம் மூன்றாவது முறையாக வாங்கினேன், பலனில்லை. வேறு எந்த பிராண்ட் நல்லது?

பதில்: எதுவும் இல்லை. முதல் வளையத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசு விரட்டி மருந்து கலந்த, தோலில் தடவும் பூச்சு வாங்குங்கள், லேபிளை இந்தத் தடவையாவது படியுங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி வாங்கிப் புகை அடிக்கிறார். நான் கட்டவில்லை என்று பக்கத்து வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதில்: கட்டாதீர்கள். இந்தப் புகை வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. புகை, பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டையோ, காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கூட்டம் கிளம்பிவிடும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளே, தொங்கும் துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்க, நாம் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுப் புகையைத் தெருவில் விடுகிறோம். டிங்கி கண்ட இடத்தில் மாவட்டச் சுகாதார அலுவலகமே வந்து இலவசமாக அடிக்கும். சந்தேகம் வந்தாலே டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் காய்ச்சல் என்றால் கிளினிக்குப் போங்கள், அது அக்கம்பக்கத்துக்கும் காவல்.

அந்த 20 வெள்ளியைத் தாமான் முழுக்கச் சேர்த்து, தண்ணீர் டிரம்முக்கு மூடியும் நெருக்கமான வலையும் வாங்குங்கள். மூட முடியாத டிரம்முக்கு, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து மணல்: ஒரு சதவீத மருந்துள்ளதென்றால் 10 லிட்டருக்கு 1 கிராம். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு நடை போய்ப் பாருங்கள். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், பால் வெட்டு நின்றுபோன ரப்பர் மரங்களில் தொங்கும், பால் பிடிக்கும் மங்கு. மங்கைக் கவிழ்த்துப் பாருங்கள், கலங்கிய நீரில் புழு துள்ளுவது தெரியும். தோட்ட நிர்வாகம் அவற்றைக் கழற்றாவிட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: பதிவு எண் இல்லாத கொசுவத்தி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: காய்ச்சல் விட்டுவிட்டது, பப்பாளி இலைச் சாறு புட்டி 80 வெள்ளி. தம்பிக்கு வாங்கட்டுமா?

பதில்: அந்தப் பணத்தில் டாக்சி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.