வேளாண்மைத் துறைக்கு எவ்வளவு பணம் என்பதை மாநில அரசு எப்படி முடிவு செய்கிறது?

கேள்வி: தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறையின் ஆண்டு பட்ஜெட்டை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? விவசாயிகள் சொல்வதற்கு அதில் இடம் உண்டா?

இடம் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் பேசத் தொடங்கும்போது கணக்கு ஏறக்குறைய முடிந்திருக்கும். மாவட்ட அளவிலான ஒரு வேளாண் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். சட்டமன்றத்தில் அமைச்சர் வாசிக்கும் உரையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு நடக்கும் வேலை என் மேசையில் நடந்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை முதன்முதலாக 2021 ஆகஸ்ட் 14 அன்று வந்தது. அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் தாக்கல் செய்தார், மொத்தம் 34,220.65 கோடி ரூபாய். 2025-26க்கு அது 45,661 கோடி. இந்தப் பெரிய தொகையைப் பார்த்து, வேளாண்மைத் துறையின் கையில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விவசாயத்தோடு தொடர்புள்ள மின்சாரம், கூட்டுறவு, கால்நடை, மீன்வளம், நீர்வளம் போன்ற பல துறைகளின் செலவைச் சேர்த்துக் காட்டும் தொகை அது. முதல் அறிக்கையிலேயே இலவச மின்சாரத்துக்காக மின் பகிர்மானக் கழகத்துக்குப் போனது மட்டும் 4,508 கோடி. துறைக்கென்று உள்ள சொந்தப் பணம் மானியக் கோரிக்கை எண் 5இல் இருக்கிறது. மானியக் கோரிக்கை என்பது ஒரு துறை தன் செலவுக்காகச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் ஆவணம். மற்றவை அந்தந்தத் துறையின் கோரிக்கையில்தான் வாக்கெடுப்புக்கு வரும். அரசியல் சாசனத்தின் 202வது பிரிவு சொல்வது ஒரே ஒரு ஆண்டு நிதிநிலை அறிக்கையைத்தான். வேளாண் பட்ஜெட் அதற்குள் இருக்கும் விவசாயப் பகுதியைத் தனியாக எடுத்துக் காட்டுகிறது. கர்நாடகம் 2011லேயே இதைத் தொடங்கிவிட்டது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும், ஏனென்றால் பத்து இடத்தில் சிதறிக் கிடந்ததை விவசாயி ஒரே இடத்தில் படிக்க முடிகிறது. படிக்கும்போது மேலே சொன்ன வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது.

சரி, தொகை எப்படி உருவாகிறது? மேலிருந்து ஒரு கணக்கு, கீழிருந்து ஒரு கணக்கு. மேலே நிதித்துறை மாநிலத்தின் சொந்த வரி, மத்திய வரியில் கிடைக்கும் பங்கு (15வது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் பகிர்வுத் தொகையில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம்), வாங்க அனுமதியுள்ள கடன் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் கழிந்த பிறகு மிஞ்சுவதில்தான் துறைகளின் போட்டி.

கீழே வேலை செப்டம்பர், அக்டோபரில் சூடுபிடிக்கும். நிதித்துறையிலிருந்து சுற்றறிக்கை வரும். நாங்கள் 'நம்பர் ஸ்டேட்மெண்ட்' தயார் செய்வோம். எத்தனை பணியிடம், எத்தனை காலி, ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம், வாடகை எவ்வளவு, வண்டிக்கு டீசல் எவ்வளவு என்று தலைப்பு தலைப்பாக எழுதி இயக்குநரகத்துக்கு அனுப்புவோம். ஏற்கெனவே நடக்கும் செலவுகளும் திட்டங்களும் பகுதி 1. புதிதாகத் தொடங்க நினைப்பவை பகுதி 2. பகுதி 1 போன வருடத்துத் தொகையின் மேலேயே பெரும்பாலும் வளர்கிறது, அதில் யாரும் அதிகம் வாதாடுவதில்லை. உண்மையான வாதம் பகுதி 2இல்தான். துறைச் செயலர் ஒவ்வொரு திட்டத்தையும் நிதித்துறை அதிகாரிகள் முன்னால் நியாயப்படுத்த வேண்டும். எத்தனை ஹெக்டேர், ஹெக்டேருக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு, எந்த மாவட்டத்தில் என்ற எண்கள் இல்லாத திட்டம் அந்த மேசையிலேயே நின்றுவிடும்.

இதை நான் நேரில் கற்றுக்கொண்ட ஒரு சம்பவம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் சில கிராமத்து விவசாயிகள் உலர்களம் வேண்டும் என்று கேட்டார்கள். சாலையில்தான் சோளத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பட்ஜெட்டுக்கு முன்பு பிப்ரவரியில் நடந்த கூட்டத்தில் மனு கொடுத்தார்கள். வாங்கி, பதிவு செய்து, கோப்பில் வைத்தோம். அந்த வருடம் எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் வாய்ப்பில்லை. பணம் அதற்குள் பங்கு பிரிந்திருந்தது. அவர்களில் ஒரு பெரியவர் விடவில்லை. செப்டம்பர் மாதத்தில் ஒரு பள்ளி நோட்டோடு வந்தார். எந்தெந்த ஊர், எத்தனை ஏக்கர் சோளம், களம் கட்டப் புறம்போக்கு நிலம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. "ஐயா, நீங்க கேக்குற மாதிரியே எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்றார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் முன்மொழிவு எழுதப்பட்டது. அடுத்த வருடம் கேட்டதில் பாதி ஊர்களுக்கு வந்தது. பிப்ரவரியில் அவருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அந்த யாராவது நானாகவே இருந்திருக்கலாம்.

அடுத்தது மத்திய அரசின் திட்டங்கள். பெரும்பாலானவற்றில் 60:40 பங்கு. மாநிலம் தன் 40ஐ ஒதுக்காவிட்டால் அந்த 60ஐயும் பயன்படுத்த முடியாது, அதனால் பட்ஜெட்டின் ஒரு பெரிய பகுதி இப்படியே தீர்மானமாகிவிடுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய வழிகாட்டுதல்படி சிறு, குறு விவசாயிக்கு மானியம் 55 சதவீதம், தமிழ்நாட்டில் தருவது 100. நூறு ரூபாய் செலவு என்றால் 55இல் மத்தியப் பங்கு 33, மாநிலப் பங்கு 22. மேலே உள்ள 45ம் மாநிலத்தினுடையது. ஆக 67 ரூபாய் மாநிலம் போடுகிறது. 'இது மத்தியத் திட்டம்தானே' என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

பயிர்க் காப்பீட்டிலும் மாநிலத்தின் விருப்பத்துக்கு இடம் குறைவு. விவசாயி கட்டும் பிரீமியம் காரிஃப் (மழைக்காலப் பருவம்) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5. மீதிப் பிரீமியத்தை இரு அரசுகளும் பகிர்கின்றன. 2020இல் மத்திய அரசு தன் பங்குக்கு வரம்பு வைத்தது. மானாவாரிப் பகுதியில் பிரீமிய விகிதம் 30 சதவீதம் வரை, பாசனப் பகுதியில் 25 வரை மட்டுமே அது பங்கு தரும். அதைத் தாண்டினால் சுமை மாநிலத்தின் தலையில்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் இடத்தில்தான் அரசியல் முடிவு வருகிறது. தேர்தல் வாக்குறுதி, கரும்புக்குச் சிறப்பு ஊக்கத்தொகை, நெல்லுக்குக் கூடுதல் தொகை, 12,525 கிராம ஊராட்சிகளையும் ஐந்து ஆண்டில் எட்டும் நோக்கத்தோடு வந்த கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் எல்லாம் இந்த வகை. இவை முதலமைச்சர் அளவில் முடிவாகும். அதில் தவறு எதுவும் இல்லை, மக்கள் வாக்களித்தது அதற்காகவும்தான்.

சட்டமன்ற நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுநரின் பரிந்துரையோடு மானியக் கோரிக்கை வரும், தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் தரும் வெட்டுத் தீர்மானங்கள் வரும், அமைச்சர் பதில் சொல்வார், கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டம். விவாத நாளில் தரப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள், உரையைவிட அதில் விவரம் அதிகம்.

ஆனால் நிறைவேறிவிட்டால் பணம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் அரசாணை வேண்டும், மத்தியத் தவணை வர வேண்டும், செலவுப் பட்டியல் (பில்) கருவூலத்தில் தேற வேண்டும். பிப்ரவரி வாக்கில் எந்தத் தலைப்பில் பணம் செலவாகாது என்று கணக்கெடுத்துத் திருப்பி ஒப்படைப்போம். நாங்கள் அதை 'எஃப்எம்ஏ' (இறுதியாகத் திருத்திய ஒதுக்கீடு) என்போம். சில புதிய திட்டங்களுக்கு வெறும் ஆயிரம் ரூபாய் மட்டும் போட்டிருப்பதையும் பார்ப்பீர்கள். கணக்குத் தலைப்பைத் திறந்து வைப்பதற்கான அடையாளத் தொகை அது.

அதனால் உங்களுக்கு ஆர்வமுள்ள திட்டத்தின் உண்மை நிலவரம் தெரிய வேண்டுமென்றால், நிதித்துறை வெளியிடும் கோரிக்கை எண் 5 புத்தகத்தை எடுங்கள். பயிர் வளர்ப்புச் செலவுகள் 2401 என்ற தலைப்பில் இருக்கும். ஒரே வரியில் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு நான்கும் இருக்கும். திருத்திய மதிப்பீடு பாதியாகக் குறைந்திருந்தால், அந்தத் திட்டம் எங்கேயோ சிக்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, உங்கள் ஊரின் பரப்பளவையும் ஆள் எண்ணிக்கையையும் எழுதி, ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் மாதத்து விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுங்கள். பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபரில் அலுவலகத்துக்குப் போய், முன்மொழிவில் சேர்த்தார்களா என்று ஒரு தடவை கேளுங்கள்.