நெஞ்சழுத்தக்காரியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

அன்புள்ள ரீச்சர்,

வணக்கம். நான் மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைத் தமிழில் குறித்து வந்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. போன மாதம் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். சுனாமியில் கணவரையும் மூத்த பிள்ளையையும் இழந்தவர். விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே மற்ற இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்து ஆளாக்கிவிட்டார். கணவரின் பழைய வலை ஒன்று இன்னும் அவர் வீட்டுப் பரணில் சுருட்டிக் கட்டியபடி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். "அது கிடக்கட்டும்" என்றார். பிறகு, "ரீ குடிக்கிறீங்களா மகள்?" என்று எழும்பிப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பக்கத்தில் இருந்த அவருடைய மாமி, "அவள் சரியான நெஞ்சழுத்தக்காரி. புருசன்ர எட்டுக்கும் அழல்ல" என்றார்.

நெஞ்சழுத்தக்காரி என்பதற்கு அகராதியைப் பார்த்து 'கேலஸ்' என்று எழுதினேன். எங்கள் பொறுப்பாளர் அதை வெட்டிவிட்டு 'ரெசிலியன்ட்', அதாவது அடிபட்டாலும் மீண்டு எழுபவர், என்று போட்டார். எனக்கு இரண்டும் மனதுக்கு ஒட்டவில்லை. டஃப், ஹார்ட், ஸ்டோயிக், திக்-ஸ்கின்ட் என்று இத்தனை சொற்கள் இருக்கின்றன. எதை எப்போது எழுதுவது? இன்னொரு சின்னக் கேள்வி. உயர்தரம் படிக்கிற என் தங்கச்சி சிம்பதிக்கும் எம்பதிக்கும் வித்தியாசம் கேட்கிறாள்.

ஒரு வாசகி,
களுவாஞ்சிக்குடி

அன்பு மகளுக்கு,

உங்கள் பொறுப்பாளர் கேலஸ் என்பதை வெட்டியது சரி. அவர் போட்ட ரெசிலியன்ட் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதற்கு மறுகா வருகிறேன்.

கேலஸ் இலத்தீனிலிருந்து வந்தது. தடித்து இறுகிய தோலைக் குறித்த சொல். கரைவலை இழுக்கிறவர்களின் உள்ளங்கையை ஒருமுறை கிட்டப் பாருங்கள். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்புப் பிடித்து மஞ்சளாக இருக்கும். அந்த இடத்தில் சிறிய முள் ஏறினால்கூட உடனே தெரியாது. அந்தக் காய்ப்புக்கும் ஆங்கிலத்தில் கேலஸ்தான் பெயர், எழுதும்போது மட்டும் 'ஓ' என்ற எழுத்து இராது. மனிதருக்குச் சொல்லும்போது, பிறருடைய வலி உறைக்காதவர் என்றே பொருள். விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்காமல் படம் எடுத்துக்கொண்டு நிற்பவர் கேலஸ். செத்த வீட்டு வாசலில் நின்று கடன் காசு கேட்பவர் கேலஸ். தன் துக்கத்தை வெளியே காட்டாத ஒருவரை ஆங்கிலம் பேசுகிற எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லோடு உங்கள் அறிக்கை போயிருந்தால், வாசிக்கிறவர் அந்த அம்மாவை ஈரமில்லாத பெண் என்று நினைத்திருப்பார். விடியப்புறம் எழும்பி அடுப்பு மூட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் அது!

இது அகராதியால் வந்த சிக்கல். நெஞ்சழுத்தம் என்று நாங்கள் இரண்டு விதமாகச் சொல்கிறோம். பிறர் அழுதாலும் இளகாத மனமும் நெஞ்சழுத்தம்தான், தன் உள்ளே கிடப்பதை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனமும் நெஞ்சழுத்தம்தான். மாமி சொன்னது இரண்டாவதை. அகராதி உங்களுக்குக் கொடுத்தது முதலாவதை.

மாமி ஏன் அதைக் குறையாகச் சொன்னார் என்பதையும் யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் துக்கம் வாய்விட்டு வரவேண்டிய ஒன்று. செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லாவிட்டால், வந்தவர்கள் அதைக் கதைப்பார்கள். ஆரையம்பதி, செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று இந்தக் கரையோரம் முழுக்கக் கண்ணகை அம்மன் கோயில்கள். வைகாசியில் கதவு திறந்து, முடிவில் குளிர்த்தி பாடுகிறோம். புருசனைப் பறிகொடுத்து மதுரையை எரித்தவளின் கொதிப்பைத் தணிக்கத்தான் அந்தப் பாட்டு. அவளுடைய கோபத்தை மறைத்துவைக்கச் சொல்லி எங்கள் முன்னோர் கேட்கவில்லை, அது முழுக்க வெளியே வந்தபிறகு ஆற்றினார்கள். அப்படி ஓர் ஊரில் அழாத பெண்ணுக்குக் கிடைக்கிற பெயர்தான் நெஞ்சழுத்தக்காரி.

ஆங்கிலத்தில் வழக்கம் வேறு. மேலுதடு நடுங்காமல் நிற்பது அங்கே ஒரு பெருமை. அதற்கென்று 'ஸ்டிஃப் அப்பர் லிப்' என்று ஒரு தொடரே இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமாரின் குணமென்று நாங்கள் அறிந்த அந்தத் தொடர் முதலில் அச்சில் வந்தது அமெரிக்காவில் என்பது ஒரு பக்கக் கதை. இப்போது பாருங்கள், அந்த அம்மா செய்தது ஒன்றுதான், வலையைப் பற்றிக் கேட்டதும் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனார். மாமி அதை ஏச்சாக்கினார், உங்கள் பொறுப்பாளர் புகழ்ச்சியாக்கினார். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டுபேரும் கேட்கவில்லை. இந்த வகைச் சொற்களில் எதையும் எடுக்குமுன் நான் எனக்கே கேட்கும் கேள்வி அதுதான்: உணர்வு எங்கே இருக்கிறது? அடக்கி வைத்திருக்கிறாரா, உறைந்து போனதா, ஆறி வருகிறதா?

பரணில் கிடக்கிற வலையே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. வலை காசு பெறுகிற சாமான். இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கத் திண்டாடிய காலத்திலும் அவர் அதை விற்கவில்லை. ஒருவருக்கும் இரவலும் கொடுக்கவில்லைப் போல. உணர்வு அங்கேதான் இருக்கிறது, கட்டின கயிறு அவிழாமல்.

இப்படி இருப்பவருக்கு ஆங்கிலத்தில் கிட்ட வருகிற சொல் ஸ்டோயிக். கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் நகரத்தில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் இருந்து சீனோ என்பவர் பாடம் சொன்னார். அந்த மண்டபத்தின் பெயர் ஸ்டோவா, அதிலிருந்து வந்தது இது. உணர்வே கூடாது என்று அவர்கள் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். மனிதரை ஆட்டிப்படைக்கிற உணர்வுகளுக்கு அடிமையாகாதே என்பதுதான் அவர்களுடைய பேச்சு. நல்ல மகிழ்ச்சிக்கு அவர்களிடமும் இடம் இருந்தது. தத்துவத்தைச் சொல்லும்போது முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். பொதுவழக்கில் சின்ன எழுத்துத்தான், வலியை முறைப்பாடில்லாமல் தாங்குபவர் என்று பொருள்.

ஆனால் அதையும் எழுதுமுன் இன்னொரு முறை போய் இருந்து கதையுங்கள். ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டோயிக் போலவே தெரிகிற இன்னொரு நிலை இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் 'நம்' என்பார்கள், எழுத்தில் கடைசியில் ஒரு 'பி' உண்டு, வாயில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் எடுத்தல், பிடித்தல் என்று பொருள்பட்ட வினையிலிருந்து வந்த சொல். ஏதோ ஒன்றால் பிடிபட்டு விறைத்துப் போனவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வந்தவருக்குத் துக்கத்தோடு சந்தோசமும் சேர்ந்து மரத்துப்போகும். பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் முகம் மாறாது, பிடித்த கறியும் ருசிக்காது, நித்திரை ஒழுங்காக வராது. பேரிடருக்குப் பிந்திய மனநோய் ஒன்றை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் தங்கள் கையேட்டில் சேர்த்தபோது, இந்த மரத்துப்போதலையும் அதன் அடையாளங்களில் ஒன்றாக எழுதினார்கள். அந்த அம்மாவிடம் அப்படி ஏதாவது கண்டால் அறிக்கைக்குச் சொல் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இப்படி 'நம்' ஆகிப்போன ஒருவரை ஸ்டோயிக் என்று புகழ்ந்து எழுதிவிட்டால், கிடைக்கவேண்டிய உதவி அந்த ஒரு சொல்லாலேயே நின்றுபோகும்.

ஹார்ட், டஃப் இரண்டையும் பொறியியல் படித்தவர்கள் தெளிவாகப் பிரிப்பார்கள். கீறல் விழாதது ஹார்ட். அடிபட்டாலும் உடையாதது டஃப். கண்ணாடி ஹார்ட்தான், ஆனால் கீழே விழுந்தால் துண்டு துண்டு. மனிதருக்கும் வழக்கு ஏறக்குறைய அப்படியே. ஒரு பெண்ணை ஹார்ட் என்றால் ஆங்கிலத்தில் அது குறை, டஃப் என்றால் பெரும்பாலும் மெச்சல். திக்-ஸ்கின்ட் இங்கே சேராது. அது ஏச்சுப்பேச்சுக்கும் விமர்சனத்துக்கும் அசையாதவரைச் சொல்வது, துக்கத்துக்கு அதை எழுதுவதில்லை. கிரிட் என்று ஒரு சொல்லும் இப்போது அறிக்கைகளில் ஓடித்திரிகிறது. ஆஞ்சலா டக்வர்த் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007இல் அதை ஆராய்ந்தபோது, நீண்டகால இலக்கு ஒன்றை விடாமல் துரத்துவதையே அப்படிச் சொன்னார்கள். பிள்ளைகளைப் படிப்பித்து முடித்ததற்கு அதைச் சொல்லலாம். புருசனை இழந்ததைத் தாங்கினதற்குச் சொல்லக்கூடாது.

சரி, ரெசிலியன்ட்.

எனக்கு இந்தச் சொல்லோடு சுனாமிக் காலத்திலிருந்து ஒரு மல்லுக்கட்டு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். மட்டக்களப்புப் பக்கம் நாவலடி, கல்லாறு, அம்பாறைப் பக்கம் கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று எந்த ஊரைச் சொன்னாலும் ஒரு கணக்கு இருந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான் மொழிபெயர்க்கப் போவேன். முகாம் ஒன்றில் ஒரு தாயிடம், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்கள். மனதைப் பற்றித்தான் அவர்கள் கேட்டார்கள். அந்தத் தாய் கூரையைக் காட்டி, "நாலு தகரம் தந்தால் சமாளிப்பன்" என்றார். வந்தவர் தன் கொப்பியில் ரெசிலியன்ட் என்று எழுதினதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தகரத்தைப் பற்றி எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்றும் நினைக்கவில்லை.

சொல்லில் பிழையில்லை. இலத்தீனில் பின்னுக்குத் துள்ளித் திரும்புதல் என்று பொருள். வளைந்து மீள்கிற பொருள்களைப் பற்றிப் பொறியியலாளர்கள் எழுதினார்கள். 1973இல் ஹோலிங் என்ற சூழலியலாளர் காடுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் அதைக் கொண்டுவந்தார், குழப்பம் வந்தாலும் அதை உள்வாங்கித் தொடர்ந்து நிலைக்கிற ஆற்றல் என்று. உளவியலில் அதற்குப் பெரிய அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் எமி வேர்னர். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை, அவர்கள் நாற்பது வயதாகும்வரை பின்தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடும்பச் சண்டை, பிறப்பிலேயே சிக்கல் என்று பல இடர்களுக்குள் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தேறி வந்தார்கள். எப்படி என்று தேடினால், பிள்ளையின் குணத்தோடு வெளியே வேறு சிலதும் இருந்தன: கைவிடாத ஒரு பெரியவர், அம்மம்மாவோ பெரியம்மாவோ அயலவரோ, நம்பிக்கை வைத்த ஓர் ஆசிரியர், சேர்ந்து நின்ற ஒரு சனம். அந்த ஆய்வில் ரெசிலியன்ஸ் தனிமனிதரின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கிற ஒன்றாக வரவில்லை. எங்கள் அறிக்கைகளில் மட்டும் அது பெண்ணின் குணமாகிவிடுகிறது. அவள் எதையும் தாங்குவாள், ஆகவே அவளுக்கு ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று அடுத்த வரியை வாசிப்பவர் தானே எழுதிக்கொள்கிறார்.

ஆகவே மகள், ரெசிலியன்ட் என்று எழுதத்தான் வேண்டும் என்றால், அவரைத் தாங்கியது எது என்று அதே வசனத்திலேயே எழுதுங்கள். இடியப்பத் தட்டு வாங்கக் கடன் கொடுத்தது யார்? அவர் அவித்துக்கொண்டிருந்தபோது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார்? எனக்கென்னவோ அது இந்த மாமியாகத்தான் இருக்கும் என்று படுகிறது. போய்க் கேளுங்கள். என்னென்ன கிடைக்காமல் போனது என்பதையும் எழுதுங்கள்.

எங்களிடம் தேறுதல் என்று ஒரு சொல் இருக்கிறது. காய்ச்சல்காரர் தேறுவார், சோதனை எழுதினவர் தேறுவார், இழவு கண்டவர் தேறி வருவார். தேற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும் என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் குறிப்புப் புத்தகத்தில் தமிழில் எழுதும்போது ரெசிலியன்ஸுக்குப் புதுச்சொல் ஒன்றும் தேட வேண்டாம், இதை எழுதுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குணப்பெயர் ஒன்றும் போடாமல் நடந்ததையே எழுதுவேன். அவர் தன் இழப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கணவரின் வலையை இன்னும் வைத்திருக்கிறார், அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். இவ்வளவு காலமும் இடியப்பம் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறார். இந்த மூன்று வசனத்தையும் ஆங்கிலத்தில் எழுத உயர்தர ஆங்கிலமே போதும். உங்கள் பொறுப்பாளர் ஒரு சொல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் ஸ்டோயிக் என்று போடுங்கள். அனுப்புமுன் அதைத் தமிழில் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்கிற வரியை எடுத்துவிடுங்கள், வலையைப் பற்றிய வரியாக இருந்தாலும்.

தங்கச்சியின் கேள்விக்கு: சிம்பதி பழைய சொல், ஒருவருடைய துயரத்துக்காக நாங்கள் வருந்துவது. எம்பதி வயது குறைந்த சொல். ஜெர்மன் சொல் ஒன்றுக்குப் பதிலாக எட்வர்ட் டிச்னர் என்ற உளவியலாளர் 1909இல் அதை ஆங்கிலத்தில் வழக்குக்குக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் ஓவியம் சிற்பம் பார்க்கும்போது அதற்குள் எங்களை வைத்து உணர்வதற்கே அது அதிகம் பயன்பட்டது. இப்போது மற்றவர் இடத்தில் நின்று அவர் உணர்வதை உணர்வது. செத்த வீட்டுக்கு அனுப்புகிற அட்டையில் சிம்பதி என்றே எழுதவேண்டும், எம்பதி என்று எழுதினால் ஆங்கிலத்தில் வழக்கில்லை. சோதனையில் இரண்டையும் கொடுத்து வசனம் அமைக்கச் சொன்னால், பின்னால் வருகிற இடைச்சொல்லையும் கவனிக்கச் சொல்லுங்கள். சிம்பதிக்குப் பின்னால் பெரும்பாலும் 'ஃபோர்' வரும், எம்பதிக்கு 'வித்' என்றும் 'ஃபோர்' என்றும் இரண்டும் வரும்.

அன்புடன்,
ரீச்சர்