அன்று உங்கள் கணவர் எங்கே இருந்தார்?

கேள்வி: பதினொரு வருடமாகக் கடல்சார் பாதுகாப்பை ஆராய்கிறேன். ஆனால் கருத்தரங்கு மேடைகளில் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டால் நெறியாளராக இருக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் 'பெண்களும் அமைதியும்' அமர்வில் போடுவார்கள். போன மாதம்தான் முதல்முறையாகக் கடற்படை வியூகம் பற்றிப் பேச அழைப்பு வந்தது. அன்று மாமியாருக்குக் கண் பரிசோதனை. கணவர் விடுப்பில் வீட்டில்தான் இருந்தார், ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் பழக்கமில்லை. எனக்குப் பதிலாக எங்கள் துறைத் தலைவரின் பெயரைச் சொல்லிவிட்டேன், அவர் போய்ப் பேசினார். இந்தத் துறை எப்போதுதான் மாறும்?
– ஒரு வாசகி

பதில்: துறை மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். 'கணவர் விடுப்பில் வீட்டில்தான் இருந்தார்' என்று எழுதிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

பெற்ற தாய்க்குக் கண் பரிசோதனை. மகன் வீட்டில் இருக்கிறார். பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்த மேடையை விட்டுவிட்டு மருமகள் கிளம்பிப் போகிறார். ஆஸ்பத்திரி பழக்கமில்லை என்றால் என்ன அர்த்தம்? சீட்டு வாங்கி, வரிசையில் காத்திருந்து, சொட்டு மருந்து விட்டதும் பார்வை மங்கிப்போகும் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். இதற்கு என்ன பழக்கம் வேண்டும்? பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது கடமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் அது முதலில் பெற்ற பிள்ளையின் கடமை. அதை அவரிடமிருந்து நீங்கள் பறித்துக்கொண்டீர்கள்.

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. அங்கே ஒரு விதி இருந்தது. பெண் அதிகாரி திருமணம் செய்ய எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசு நினைத்தால், பிறகு ராஜினாமா செய்யவும் சொல்லலாம். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்கே போனார். குடும்பப் பொறுப்பு ஆண் அதிகாரிக்கும் இடைஞ்சலாகலாமே என்று 1979 தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அரசு அந்த விதியைக் கைவிட்டது, முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு அதே விதியை உங்கள் வீட்டுக்குள் நீங்களே அமல்படுத்தினால் நான் என்ன சொல்ல?

சரி, போக முடியவில்லை. அப்போதும் ஓர் ஆணின் பெயர்தானா வாயில் வந்தது? உங்களுக்குத் தெரிந்த வேறு பெண் ஆய்வாளர் ஒருவர்கூட இல்லையா? 'பெண் பேச்சாளர் கிடைக்கவில்லை' என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வதற்கு நீங்களே இடம் கொடுத்துவிட்டீர்கள்.

கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என இரு தரப்பாகப் பிரிந்து மோதிக்கொண்டிருந்த வட அயர்லாந்தில், 1996-இல் அமைதிப் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வந்தது. சில வாரங்களுக்குள் பெண்கள் கூடித் தனியாக ஒரு கூட்டணி தொடங்கினார்கள். கிடைத்தது சுமார் 1 சதவீத வாக்கு, இரண்டு இடம். அந்த இடங்களுக்கு வந்த மோனிகா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சாகரும் அவையில் பேச எழுந்தால் ஆண் உறுப்பினர்கள் சிலர் மாடு மாதிரி கத்தினார்கள். இவர்கள் இடத்தை விட்டு நகரவில்லை. 1998 அமைதி ஒப்பந்தத்தில் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும், இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதைப் பற்றியும் வாசகங்கள் இடம்பெற்றதில் அந்தக் கூட்டணியின் உழைப்பு உண்டு. கத்தலுக்கு நடுவே அவர்கள் காப்பாற்றிய இடம் அது. உங்களைப் பார்த்து யாரும் கத்தக்கூட இல்லை, மரியாதையாகத்தான் அழைத்தார்கள்.

துறை மாற வேண்டும் என்பது நியாயம். பாதுகாப்பு முடிவுகளில் பெண்களின் பங்கு அதிகரிக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325-ஆம் தீர்மானம் போட்டது 2000-இல். அதை நினைவூட்டிச் சண்டை போடுங்கள், நானும் கூட நிற்பேன். ஆனால் இன்றைக்கே அந்த ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள். போன மாதம் மறுத்தது என் தவறு, அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன், கடற்படை பற்றித்தான் பேசுவேன், நெறியாளர் வேலை வேண்டாம் என்று. எழுதி முடித்ததும் மாமியாரின் மருத்துவ ஃபைலை எடுத்துக் கணவர் கையில் கொடுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதி அதில்தான் இருக்கும்.