ஏற்காட்டுக்கு வேன்: பவர் ஸ்டேஷன் முதலில் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஆம்னி வேனின் பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டிருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள். ஏற்காட்டில் இரண்டு ராத்திரி வண்டியிலேயே தங்க ஆசை. ஆன்லைனில் ‘60,000 எம்ஏஎச் பவர் ஸ்டேஷன்’ (கையில் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) ஒன்று பார்த்தேன். அதில் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா? வேறு என்ன வாங்க வேண்டும்?
– அஸ்தம்பட்டி வாசகர், சேலம்

பதில்: ஓடாது. 60,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்), அதாவது 60 ஆம்பியர் அவர் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அந்த 60-ஐ 3.7-ஆல் பெருக்குங்கள், 222 வாட் அவர்தான் வருகிறது; பெட்டியில் இருக்கும் மொத்த மின்சாரம் அவ்வளவுதான். சேதாரம் போக 190 கைக்கு வந்தால் பெரிது. அடுப்போ 2,000 வாட் கேட்கும். இந்த அளவுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் 200, 300 வாட்டுக்கு மேல் தருவதில்லை. விளக்குக்கும் செல்போனுக்கும் இரண்டு ராத்திரி தாராளம். ஏற்காட்டில் ஃபேன் எதற்கு?

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், சில பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கிறது. வண்டிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். ராத்திரி ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டரையும் வெளியிலேயே விடுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1,500 மீட்டர் உயரத்தில் குளிர் அடிக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே கரி அடுப்போ கேஸ் அடுப்போ மூட்டத் தோன்றும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குபவர்களும் உண்டு. இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஆகவே முதல் செலவு அதற்கான அலாரம். கடையில் ‘கேஸ் அலாரம்’ என்று கேட்டால் பெரும்பாலும் எல்பிஜி கசிவு காட்டும் கருவியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது வேறு. எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அதைத் தரையோரம் வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் வேண்டும். அட்டையில் ‘ஈ.என். 50291-2’ என்று இருக்கிறதா பாருங்கள், அது வண்டிகளுக்கும் படகுகளுக்குமான தரம். சென்சாரின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பட்டனை அமுக்கினால் ‘பீப்’ வருவதை நம்பி வாங்காதீர்கள். பல கருவிகளில் அது சத்தம் வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும்.

அடுத்து, டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப். நான் முதலில் வாங்கியதன் வயர் பின்சக்கரத்துக்கு எட்டவில்லை. மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டிய பிறகுதான் அது தெரிந்தது. ஒரு லாரிக்காரர் காற்றடித்துக் கொடுத்தார். வாங்கும்போதே டேஷ்போர்டு சாக்கெட்டிலிருந்து பின்டயர் வரை நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

சரிவில் நிறுத்த சக்கரத்துக்குக் கட்டை இரண்டு. ஆன்லைனில் தேட வேண்டாம், சேலத்தில் லாரிப் பட்டறைகளுக்கா பஞ்சம்? கிளீனர் போடும் மரக்கட்டையே போதும். அப்புறம், இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள், இரண்டாவது கியரில் வாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 1 கிலோ தீயணைப்பான் ஒன்று. அதன் முள் பச்சையில் நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால் அந்தப் பெட்டியை வாங்கலாம். ஆனால் ‘வாட் அவர்’ எவ்வளவு என்று எழுதாத பெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.