கொழிஞ்சாம்பாறை டீச்சருக்கு: பள்ளி லேப்டாப்பே வாசித்துக் காட்டும்

டீச்சர், பார்வையில்லாத உங்கள் ஏழாம் வகுப்பு மாணவிக்காகப் பள்ளி லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) போட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கேரளப் பள்ளிகளில் பெரும்பாலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இயங்குதளம்தான். அதில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் வழக்கமாகவே இருக்கும். ஆல்ட், விண்டோஸ் படம் போட்ட விசை, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பேசும். அப்புறம் குரலைத் தமிழுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து வையுங்கள். அதில் பேசும் ஈஸ்பீக் என்ற மென்பொருளின் குரல், இயந்திரம் பேசுவது மாதிரிதான் இருக்கும். என் மாணவனுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது.

பாடநூல் பிடிஎஃப் உளறினால், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கண்டபடி எழுத்து வந்தால் அது யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. பக்கத்தைப் படமாக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் வாசிக்கக்கூடிய எழுத்தாகிவிடும். பிழைகளை மட்டும் நீங்களே ஒருமுறை திருத்திக் கொடுங்கள்.