வளையம் வராத காலனியெல்லாம் சுரப்புக் கோளாறா?

கேள்வி: சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவில் டிரான்ஸ்போசானை (மரபணுவுக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் டிஎன்ஏ துண்டை) செருகிப் பால் அகாரில் வளர்த்தேன். இருபது சொச்சம் காலனிகளைச் சுற்றித் தெளிந்த வளையம் இல்லை. புரதத்தை வெளியே அனுப்ப முடியாதவை இவற்றில் எவை?

பதில்: பால் புரதத்தைக் கரைத்து வளையம் உண்டாக்கும் புரோட்டியேஸ் நொதி வெளியே வரவில்லை என்பதைத்தான் தட்டு சொல்கிறது. உள்ளே தயாராகி வாசலில் சிக்கி நிற்கிறதா, தயாராகவே இல்லையா என்பதை அது சொல்லாது.

முதலில் லாஸ்-ஆரைச் சந்தேகப்படுங்கள். புரோட்டியேஸ்களில் ஒன்றான எலாஸ்டேஸின் மரபணுவை முடுக்கிவிடும் சீராக்கி இது. திரும்பத் திரும்ப வளர்க்கும்போது டிரான்ஸ்போசான் தொடாமலே கெட்டுப்போகும். காலனியின் மேல் உலோகப் பளபளப்பு தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். மெதுவாக வளர்பவையும் ஏமாற்றும். எல்லாவற்றையும் ஒரே ஓடி (திரவத்தின் கலங்கல், அதாவது செல் அடர்த்தி) அளவுக்குக் கொண்டுவந்து, சமமாகச் சொட்டு வைத்துப் பாருங்கள்.

அப்புறம் வேறு நொதிகள். எலாஸ்டேஸ், லிபேஸ், ஃபாஸ்ஃபோலிபேஸ் சி மூன்றும் எக்ஸ்சிபி என்ற இரண்டாம் வகைச் சுரப்பு வழியாகவே வெளிவருகின்றன. எலாஸ்டேஸைக் காட்டும் எலாஸ்டின் தட்டிலும் மற்ற இரண்டைக் காட்டும் முட்டை மஞ்சள்கருத் தட்டிலும் சேர்ந்தே தோற்பவைதான் நமக்கு வேண்டியவை. ஆல்கலைன் புரோட்டியேஸோ முதலாம் வகை வழியில் போவது. எக்ஸ்சிபி பழுதானாலும் அது பாலைக் கொஞ்சம் கரைக்கும். ஆகவே 'வளையம் சிறிசாக இருக்கிறது' என்று நீங்கள் ஒதுக்கிய காலனிகளையும் திரும்ப எடுங்கள். நல்ல சரக்கு அங்கேதான் இருக்கலாம். செக்-ஏ (புரதங்களை உள்சவ்வு தாண்டித் தள்ளும் மோட்டார்) போன்றவற்றை இதில் தேட வேண்டாம். அவை இல்லாமல் செல் பிழைக்காது, காலனியே வராது. 1981-இல் ஈ.கோலையில் செக்-ஏ கிடைத்ததே சூடு கூடினால் மட்டும் தோற்கும் மியூட்டன்ட்களால்தான் (மரபணு மாறியவை).

ஒரு சுலபச் சோதனை: குச்சியால் அகாரின் அடிவரை குத்தி வளருங்கள். பிளாஸ்டிக்குக்கும் அகாருக்கும் நடுவே மெல்லிய படலம் பரவவில்லை, சுரப்பும் இல்லை என்றால் பில்-டி போயிருக்கலாம். படலம் பரவ உதவும் பைலை எனும் மெல்லிழைகளுக்கும் எக்ஸ்சிபிக்கும் பொதுவான வெட்டு நொதி அது.

கடைசியில் வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் சோதனை). வளர்ப்புத் திரவத்தில் எலாஸ்டேஸ் இல்லாமல் பெரிபிளாசத்தில் (செல்லின் இரு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடத்தில்) குவிந்திருந்தால் சுரப்புக் கோளாறுதான். அங்கே நொதிச் செயல்பாட்டை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். முன்துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதால் எலாஸ்டேஸ் உள்ளே செயலற்றுக் கிடக்கும்.

சரி, மரபணுவைக் கண்டுபிடித்ததும் அதன் நல்ல பிரதியை பிளாஸ்மிடில் (சிறு வட்ட டிஎன்ஏவில்) கொடுங்கள். வளையம் திரும்பவில்லையா? மறுபடி லாஸ்-ஆரைப் போய்ப் பாருங்கள்.