ஏற்காட்டில் மூடுபனி இருந்தால் எரிகல் பொழிவு தெரியுமா?

டிசம்பர் 13 இரவு ஜெமினிட் எரிகல் பொழிவைப் பார்க்க சேலத்திலிருந்து ஏற்காடு போகலாமா, பனி மூடினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் மலை என்றாலே வானம் தெளிவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். கீழிருந்து பார்த்தால் சேர்வராயன் மலைக்குத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு அந்தத் தொப்பிக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஒருமுறை நானும் மாட்டினேன். பிளாஸ்க் டீ தீரும்வரை நின்றும் பக்கத்தில் இருந்தவர் முகம்கூடத் தெரியவில்லை; போர்வை நனைந்ததுதான் மிச்சம். வெறுத்துப்போய் வண்டியை இறக்கினால், பாதிக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் பனி விட்டது. அடிவாரத்தில் ஓரியன் விண்மீன் கூட்டம் பளிச்சென்று நிற்கிறது! அதனால், மேலே மூடியிருந்தால் கீழே இறங்கிப் பாருங்கள்.

இன்சாட் வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தை மட்டும் நம்பவேண்டாம். தாழ்வான மூடுபனியும் தரையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பதால் படத்தில் பனி சரியாகத் தெரியாது. மேலே தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போடுங்கள், அதுவே மேல்.

சந்திர கிரகணம் என்றால் மெல்லிய மேகத்திலும் ஒப்பேற்றலாம். எரிகல்லுக்கு அது நடக்காது, மங்கலானவை எல்லாம் போய்விடும். ஆனால் பொழிவு இரவெல்லாம் நீளும். ஜெமினிட் எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் மிதுன ராசி (ஜெமினி) அதிகாலை 2 மணிவாக்கில்தான் உச்சிக்கு அருகே வரும். பத்து மணிக்கே மேகத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.